ஒழுகாத வீட்டில் ஒரு விருந்து

வாஷர் தன் பேண்ட் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்து மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"அதான் புரியல. ஸ்பேனர் இருந்தா வேலை வாங்கிடுவாங்க. இல்லாமப் போனா, எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு தெரியாமலே திரும்பி வந்துடுவேன்."

"சாப்பிடறதுக்குக் கூப்பிட்டிருப்பாங்க."

"யாரு? நம்ம ஓனரா?"

அந்தக் கேள்விக்கு அந்தத் தெருவில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அவருக்கென்று அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்த்து, எந்தச் சட்டையைப் போட்டாலும் பையில் நாலு ரப்பர் வாஷர் கிடக்கப்போய், தெருவே அவரை வாஷர் என்று கூப்பிட்டது. இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

ஓனர் என்பவர் அவர்கள் பதினாலு வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். நாலு தெரு தள்ளி, தன்னுடைய இன்னொரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கை கொஞ்சம் இறுகியவர். ஒருமுறை வாஷர் நல்ல வெயிலில் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, "உங்களுக்குத் தெரியாத குழாயா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அப்பேர்ப்பட்டவர் திங்கட்கிழமை தானாக வந்து வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. ரெண்டு பேரும் வாங்க. அவசரமே இல்ல, மூணு மணி வரைக்கும் இருந்துட்டுப் போகலாம்" என்றார்.

எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்களை வாஷர் பார்த்திருக்கிறார். எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

அதற்கு முந்தின நாள் கோயிலில் போதகர் இதே விஷயத்தைத்தான் பிரசங்கித்திருந்தார். ஞானமுள்ள ராஜா ஒருவர் வேதத்தில் எழுதி வைத்திருக்கிறாராம். பெரிய இடத்து மேசையில் உட்காருகிறவன் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டை வைத்தவனைப் பார்க்கவேண்டுமாம். வாய் நிறைய உபசரிக்கிறவனுடைய மனசு வேறெங்கோ இருக்கலாமாம். சாப்பாட்டு ஆசை உள்ளவன் தன் தொண்டையில் தானே கத்தி வைத்துக்கொண்ட மாதிரி அடக்கமாக உட்காரவேண்டுமாம். இருநூறு பேர் இருந்த கூட்டத்தில் போதகர் பிரசங்கம் முழுக்க மூன்றாவது வரிசையிலிருந்த வாஷரையே பார்த்துப் பேசினார். இடையிடையே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தனக்காகவே ஒருவர் வேர்த்துப்போய்ப் பேசுகிறார் என்பதில் வாஷருக்குச் சொல்ல முடியாத பெருமை.

வெளியே வரும்போது போதகர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற ஞாயிறு உங்களுக்கு வேற எங்கயாவது இருக்கும். அதுக்கு அடுத்த ஞாயிறு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும், பிரதர்" என்றார்.

மறுநாளே ஓனர் வந்து கூப்பிட்டதும் வாஷருக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. போதகருக்கு எல்லாம் முன்கூட்டியே உணர்த்தப்பட்டிருக்கிறது.

"பாஸ்டர் சொன்ன மாதிரி தொண்டையில கத்தி வெச்சுக்கிட்டு உக்காரப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"உங்க தொண்டைக்குக் கத்தி பத்தாது, ரம்பம் வேணும்."

"சிரிக்காத. அந்த ஆளு ஒண்ணு ஓசியில வேலை வாங்கப் பாக்கறாரு. இல்லாட்டி…" வாஷருடைய பார்வை வீட்டின் பின்பக்கம் போயிற்று. "இல்லாட்டி பின்னறையக் கேக்கப் போறாரு."

பின்னறை என்பது வாஷரின் உயிர். கழற்றிப்போட்ட குழாய்கள், குழாய் இல்லாத கைப்பிடிகள், கைப்பிடி இல்லாத வால்வுகள், அரை அடி, முக்கால் அடிப் பைப் துண்டுகள், நட்டுகள், திருகுகள், எதனுடைய மூடி என்று தெரியாத மூடிகள், எல்லாம் பெயிண்ட் டப்பாக்களில் எண் போட்டு, வரிசை வரிசையாகக் கூரைவரைக்கும் இருந்தன. எதையும் தூக்கிப்போட மாட்டார். என்றைக்காவது ஒருநாள் உதவும் என்பார். அந்த ஒருநாள் பதினாலு வருடமாக வந்துகொண்டே இருந்தது. வேலை நாளில் அரைமணிக்கு ஒருமுறை ஓடிவந்து எதையாவது தேடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து முன்வரிசையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அறை கொள்ளாமல் போனதால் மனைவியின் தையல் மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் தைத்துக்கொடுக்கிற துணியெல்லாம் வெங்காய வாசம் அடிப்பதாக வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். மெஷினுக்கு வேறு இடம் கேட்டால், "பாக்கலாம்" என்பார் வாஷர்.

அந்த அறை போனால் எல்லாம் போயிற்று. இப்படி ஓர் அறையோடு வேறு வீடு இந்தப் பக்கத்தில் கிடைக்காது.

"இவ்வளவு பயமா இருந்தா போகாதீங்க" என்றாள் மனைவி. "முட்டி வலியோட என்னால மூணு மாடி ஏற முடியாது. நீங்களும் போகலன்னா நல்லதுதான். வீட்டுலயே இருங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இரு என்றால் போகிறவர் வாஷர். போனார்.

படி ஏறும்போதே காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தத் தொட்டி வழிகிறது என்று சொல்லிவிடுவார். இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு சொட்டுகூட விழவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீடு இவ்வளவு யோக்கியமாக இருக்க முடியாது.

"வாங்க வாங்க. உக்காருங்க" என்றார் ஓனர். சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேசையைப் பார்த்து வாஷர் அசந்துபோனார். கோழி இருந்தது. மீன் இருந்தது. முட்டை தனியாக, காய்கறி தனியாக. தண்ணீர்கூட ஒரு முழு ஜாடி இருந்தது.

"நல்லா சாப்பிடுங்கண்ணே. மெதுவா சாப்பிடுங்க" என்றாள் ஓனரம்மா. "நல்லா" என்பதைவிட "மெதுவா" என்பதை அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது.

வாஷர் கத்தியை நினைத்துக்கொண்டு ஒரு சின்னத் துண்டுக் கோழியை எடுத்தார். இரண்டாவது துண்டு எடுக்கும்போதும் கத்தி ஞாபகத்தில் இருந்தது. ஐந்தாவது துண்டில் கத்தியின் முனை மழுங்கிவிட்டது.

"அப்புறம், பின்னறை எல்லாம் எப்படி இருக்கு?" என்று ஓனர் பேச்சை ஆரம்பித்தார்.

கோழி பாதி வழியில் நின்றது. "எந்தப் பின்னறை சார்?"

"அதான், உங்க சாமான் எல்லாம் வெச்சிருக்கீங்களே. நிறைய இருக்குமோ? ஒரு நாள்ல எடுத்துட முடியுமா?"

மேசைக்கு அடியில் யாரோ யாரையோ மிதித்தார்கள். ஜாடித் தண்ணீர் ஆடியது.

"சும்மா கேட்டாருண்ணே. நீங்க மீன் எடுத்துக்கோங்க" என்றாள் ஓனரம்மா.

வாஷர் மீன் எடுத்துக்கொண்டார். ஆனால் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. அறையைத்தான் கேட்கப் போகிறார். இனிப்பு வைத்துவிட்டுக் கேட்பார். அதற்குள் எதையாவது செய்து இந்த மனிதரை நன்றிக்கடனில் சிக்கவைக்க வேண்டும். இந்த வீட்டில் எங்காவது ஒரு லீக் ஒளிந்திருக்கும். அதைத் தானாகவே கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டால், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அறையைக் கேட்பார்?

"கை கழுவிட்டு வரேன் சார்."

"இன்னும் சாப்பிட்டு முடிக்கலியே."

"நடுவுல ஒருதடவை கழுவறது எனக்குப் பழக்கம்."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்து மூடினார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லாமல் கம்பீரமாக நின்றது. ஷவரைப் பார்த்தார். காய்ந்துகிடந்தது. குனிந்து வாஷ்பேசினுக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு வாளி. அதன் விளிம்பில் ஈரத்துணி.

வாஷருக்குச் சிரிப்பு வந்தது. தரை துடைக்கிறவர்கள் வாளியை அங்கே வைப்பது உண்டுதான். ஆனால் வாளி என்றாலே வாஷருக்கு மேலே ஒரு சொட்டு இருக்கவேண்டும். மேலே அண்ணாந்தால், சுவரிலிருந்து வரும் குழாயில் பித்தளை நட்டு ஒன்று லேசாக வேர்த்திருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று நட்டிடம் சொன்னார்.

ஸ்பேனரை வெளியே எடுத்தார். கால் சுற்று. கால் சுற்றுதான். அது அந்தக் கட்டடத்தோடு பிறந்த நட்டு. இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் தொட்டதில்லை. தொட்டதும் இரண்டாகப் பிளந்தது.

தண்ணீர் நேராக அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டைமேல் அடித்தது. கையால் பொத்தினார். விரல் இடுக்கில் ஐந்தாகப் பிரிந்து அடித்தது. இடது கையால் துழாவி, கீழே இருந்த வால்வைத் திருகினார். வால்வு மூடவில்லை, அதன் கைப்பிடி மட்டும் கழன்று கையோடு வந்தது. ஒரு துண்டை எடுத்துச் சுற்றினார். அது ஓனரம்மாவின் நல்ல துண்டு என்பது சுற்றியபிறகுதான் தெரிந்தது. தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

"அண்ணே, உள்ள ஏதாவது பிரச்சனையா?"

"இல்லம்மா. கை கழுவறேன்."

வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துகொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாலு குழாய் கீழே போயின. எது எந்த வீட்டுக்கு என்று எழுதி வைக்கவில்லை. பாரபட்சம் பார்க்காமல் நாலையும் மூடினார்.

அவர் சொட்டச் சொட்ட இறங்கி வந்தபோது ஓனர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் நின்றார். வாசலில் முதல் மாடிக்காரர், இடுப்பில் துண்டோடு, தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றார்.

"சார், தண்ணி நின்னுபோச்சு. கண்ணு எரியுது" என்றார் முதல் மாடிக்காரர்.

"கண்ணை மூடிக்கிட்டு இருங்க. விருந்தாளி சாப்பிட்டுட்டிருக்காரு" என்று சொல்லி ஓனர் கதவைச் சாத்தினார். பிறகு வாஷர் பக்கம் திரும்பி, "நீங்க உக்காருங்க. இனிப்பு இன்னும் வரல" என்றார்.

வாஷர் அவரை உற்றுப் பார்த்தார். குளியலறை பாழ். தரை வெள்ளம். கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லை. இந்த நிலைமையில் ஒரு மனிதன், அதுவும் இந்த மனிதன், இனிப்பு சாப்பிடச் சொல்கிறான் என்றால், இதற்குள் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கவேண்டும்? போதகர் சொன்னதெல்லாம் அப்படியே கண்ணெதிரே நடந்தது. இனி மறைப்பதில் பிரயோசனம் இல்லை என்று நிமிர்ந்து நின்றார்.

"சார், நேரடியாவே பேசிடுவோம். நீங்க என்னை எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

ஓனருடைய முகம் வெளுத்தது. "தெரியுமா?"

"யாரு சொன்னாங்கண்ணே?" என்றாள் ஓனரம்மா. அவள் கையிலிருந்த இனிப்புத் தட்டு சாய்ந்தது.

"யாரும் சொல்லலம்மா. வந்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். அந்த நட்டு லீக் ஆகுது. ஆளைக் கூப்பிட்டா செலவு. வாஷரைக் கூப்பிட்டு சாப்பாடு போட்டா, அவனே பாத்து மாட்டிட்டுப் போவான். அதானே சார்?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓனரிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"ஆமா" என்றார். "நட்டுதான்."

"நட்டேதாண்ணே" என்றாள் ஓனரம்மா. "ரொம்ப நாளா லீக்கு."

"உங்க கண்ணுக்குத் தப்புமா?" என்றார் ஓனர்.

வாஷருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நட்டோடு போயிற்று, அறைக்கு ஆபத்தில்லை. மனிதனுடைய உள்ளத்தை ஊடுருவிப் பார்க்கிற வரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு இனிப்பு சாப்பிட்டார். மூன்றாவதை எடுக்கும்போது ஒரு யோசனை வந்தது.

"சார், இந்த அளவு நட்டு இப்ப எந்தக் கடையிலயும் கிடையாது. ஆனா ஒரே ஒரு இடத்துல இருக்கு." முகம் மலர்ந்தது. பதினாலு வருடம் காத்திருந்த அந்த ஒருநாள் இன்றைக்கு வந்துவிட்டது. "என் பின்னறையில. பின்வரிசை, மூணாம் நம்பர் டப்பா. பத்தே நிமிஷம், ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஏன் சார்?"

"மணி ரெண்டுதான் ஆகுது" என்றார் ஓனர்.

"அதனால என்ன?"

"அதனால… வெயில். மூணு மணிக்குமேல போனா வெயில் தாழ்ந்துடும்."

"கீழ ஒருத்தர் சோப்போட நிக்கிறாரு சார்."

"அவரு நல்ல மனுஷன். நிப்பாரு."

ஓனரம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். "எடுக்கவே மாட்டேங்கறாங்களே" என்று அவள் முணுமுணுப்பது கேட்டது. வாஷருக்குச் சுருக்கென்றது. வேறு பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய நட்டு அவருடைய டப்பாவில் இருக்கும்போது, வேறொருவன் வந்து அந்தக் குழாயில் கை வைப்பதா? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இருங்க, நானும் வரேன்" என்று ஓனர் பின்னாலேயே வந்தார்.

ஓனர் அவ்வளவு மெதுவாக நடக்கிறவர் என்று வாஷருக்கு அதுவரை தெரியாது. முதல் தெருவில் இரண்டுமுறை குனிந்து செருப்பைச் சரிசெய்தார். இரண்டாவது தெருவில் நின்று, "அந்த மரத்தைப் பாத்தீங்களா?" என்றார்.

"பதினாலு வருஷமா பாக்கறேன் சார்."

"நல்லா வளந்திருக்கு, இல்ல?"

மூன்றாவது தெருவில், சுற்றிக்கொண்டு போகிற வழிதான் நிழல் என்று கையைப் பிடித்து இழுத்தார். வாஷர் கையை விடுவித்துக்கொண்டு நேர்வழியில் நடந்தார். கடைசி முனை வந்ததும் ஓனர் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எனக்குக் கால் வலிக்குது. நீங்க போங்க" என்றார். பிறகு, சம்பந்தமில்லாமல், "என் மேல கோவம் வெச்சுக்காதீங்க" என்றார்.

ஒரு நட்டுக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டு வாஷர் பின்பக்கச் சந்துக்குள் திரும்பினார்.

பின்வாசலை ஒட்டி ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. பக்கத்தில் பழைய இரும்பு எடுக்கிற ஆள் ஒருவர். சுற்றுவட்டாரத்தில் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் எல்லோரும் வாஷருக்குப் பழக்கம்; பாதிப்பேரிடம் அவரே வாங்கியிருக்கிறார். இந்த ஆள் புதுமுகம். எங்கோ தூரத்திலிருந்து வரவழைத்த முகம். வீட்டுக்குள்ளே போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, பின்னறையிலிருந்து டப்பா நகர்கிற சத்தம் வந்தது.

"அண்ணே, சும்மாதானே போறீங்க, ஒரு கை பிடிங்க" என்றார் இரும்புக்காரர்.

கனமான எதையாவது தூக்கச் சொன்னால் வாஷருடைய கை தானாக நீளும். முப்பது வருடப் பழக்கம். தூக்கி வண்டியில் வைத்தார். வைத்தபிறகு பார்த்தால், டப்பாமேல் அவருடைய கையெழுத்தில் மூன்று என்று இருந்தது.

"இது… எங்க போகுது?"

"உருக்கறதுக்கு."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"உள்ள இருக்கற அக்காதான். பாவம்ணே, அடுப்பு பக்கத்துலயே உக்காந்து தைக்கிறாங்களாம். இனிமே இங்க மெஷினைப் போடப் போறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டாங்க, முன்வரிசைய மட்டும் தொடக்கூடாதாம். அவங்க வீட்டுக்காரரு முன்னாடி இருக்கறத மட்டும்தான் பாப்பாராம்."

வாஷர் டப்பாவுக்குள் கைவிட்டார். பார்க்காமலே விரல்கள் அந்த நட்டைக் கண்டுபிடித்துவிட்டன.

"அண்ணே, அதைக் கலைக்காதீங்க. மூணு மணிக்குள்ள கிளம்பணும்."

"இவ்வளவு சாமானையும் இன்னைக்கே எப்படி முடிப்பீங்க?" வாஷர் நட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"முடியாதுண்ணே. மீதிய அடுத்த ஞாயிறு வந்து அள்ளிக்கிறேன். அன்னைக்கு அவருக்குப் பாஸ்டர் வீட்டுல விருந்து வெச்சிருக்காங்களாம்."